இந்த ‘ஆல்’ யாரு வீட்டுப் பிள்ளை?

1

சில வருடங்களுக்கு முன் கோவையில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அங்கன்வாடிகளிலிருந்து வரும் குழந்தைகளின் எடைக் கணக்கைச் சரிபார்த்து, ஊர்வாரியாகச் சராசரி எடுத்துக் கொடுக்க வேண்டும். ஊருக்கு ஒரு கோப்பு. எடை போடும் நாளில் வராத குழந்தையின் பெயருக்கு நேராகச் சிலர் பூஜ்யம் போட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட கோப்பைக் கணக்கில் சேர்க்காமல் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்குப் பைத்தானில் இரண்டு வரி எழுதியிருந்தேன். இந்த ஊரின் எடைகள் எல்லாமே பூஜ்யத்தைவிடப் பெரியவை என்றால் உள்ளே விடு, இல்லையென்றால் ஒதுக்கி வை.

ஒரு கோப்புகூட ஒதுங்கவில்லை. எல்லாம் உள்ளே வந்துவிட்டன. இந்தத் தடவை எல்லாரும் ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு ஊரின் சராசரி மட்டும் தரையில் கிடந்தது. அறிக்கையில் அந்த ஊர் சிவப்பில் போனது. அந்த ஊர் அங்கன்வாடிப் பணியாளரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். “எங்க பிள்ளைங்க நல்லாத்தான் சார் இருக்குதுங்க” என்று அவர் சொல்லியிருக்கிறார். யார் நம்புவார்கள்? கம்ப்யூட்டர் கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறதே.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒரு அக்கா. கோப்பைத் திறந்து பார்த்தார், பூஜ்யங்கள் இருந்தன. என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று திரையில் இருந்த அந்த இரண்டு வரிகளை வாசித்தார்.

“தம்பி, இந்த ‘ஆல்’ யாரு வீட்டுப் பிள்ளை?”

“பைத்தானோடதுதானுங்கக்கா. கூடவே பொறந்தது.”

“அதுகிட்டயே கேட்டியா?”

கேட்கவில்லை. அக்கா குனிந்து ‘ஆல்’ என்று தட்டி, ஒட்டி ஒரு கேள்விக்குறி போட்டு என்டர் அடித்தார். பதிலின் கடைசிப் பகுதியில் கோப்பின் முகவரி வந்தது. அது பைத்தானுடைய வீடு இல்லை. நம்பையின் வீடு.

அன்று காலையில் வேறொரு கணக்குக்காக, நம்பையிலிருந்து எல்லாவற்றையும் கொண்டு வா என்று நட்சத்திரக் குறி போட்டு ஒரு வரி எழுதியிருந்தேன். மத்தியானத்துக்குள் அது மறந்துபோயிற்று. எனக்குத்தான் மறந்தது, செஷனுக்கு மறக்கவில்லை.

2

இங்கே நிரலாக்கப் பாடம் எடுக்கப் போவதில்லை. ஒரு சொல் இன்னொரு சொல்லின் இடத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்கிறது, வாசகனுக்கு அது தெரியவில்லை. இலக்கியம் வாசிக்கிற நமக்கு இது தெரிந்த பிரச்சினைதான். அதனால் இந்த ஊடாடும் திரையையும் ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு விமர்சிக்கலாம் என்று நினைக்கிறேன். நல்ல பிரதி வாசகனிடம் எதை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது? என் கேள்வி அவ்வளவுதான்.

முதலில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். பைத்தானுடன் பிறந்த ‘ஆல்’ ஒரு வரிசையை வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எல்லாமே உண்மை என்றால் ‘ஆமாம்’ என்று சொல்லும். நான் கொடுத்தது ஜெனரேட்டர் என்ற வகை. அதற்குள் பதில்கள் தயாராக இருக்காது, கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகக் கொடுக்கும். கட்டிய பொட்டலம் மாதிரி. பைத்தானின் ‘ஆல்’ பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கும். நம்பையின் ‘ஆல்’ எண்களின் அடுக்குகளுக்காகச் செய்யப்பட்டது, இந்த மாதிரிப் பொட்டலத்தை அது பிரிக்காது. பொட்டலத்தையே ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளும். பொருள் இருக்கிறதா? இருக்கிறது. அப்போ ஆமாம். உள்ளே எத்தனை பூஜ்யம் இருந்தாலும் ஆமாம்தான்.

பிழைச் செய்தி எதுவும் வராது. இதே நட்சத்திர வரியை ‘ஓஎஸ்’ மாட்யூலுக்குப் போட்டால் பைத்தானின் ‘ஓப்பன்’ போய், இயங்குதளத்தோடு நேராகப் பேசும் வேறொரு ‘ஓப்பன்’ வந்து உட்காரும். ஆனால் கோப்பைத் திறக்கப் போனதுமே அது கத்திவிடும், எனக்கு வேண்டியதை நீ கொடுக்கவில்லை என்று. கத்துகிற ஆளால் பெரிய ஆபத்து இல்லை. அதே பெயரில் வந்து, அதே இடத்தில் உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு தப்பான பதில் சொல்கிற ஆள்தான் ஆபத்து.

இன்னொன்றும் உண்டு. பைத்தானின் சொந்த ‘ஆல்’ எங்கேயும் போய்விடவில்லை. ஒரு பெயரைச் சொன்னதும் பைத்தான் முதலில் முன்கூடத்தில் தேடும். அங்கே இல்லையென்றால்தான் பின்கட்டுக்குப் போகும். கூடவே பிறந்த ஃபங்ஷன்கள் எல்லாம் பின்கட்டில் இருக்கின்றன. நட்சத்திரம் போட்டுக் கூப்பிட்டவர்கள் முன்கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். ‘டெல்’ என்று போட்டு முன்கூடத்து ‘ஆலை’ அனுப்பிவிட்டால், அடுத்த தடவை அதே பெயரைச் சொல்லும்போது பழைய ஆள் பின்கட்டிலிருந்து வந்து நிற்கிறார், ஒன்றுமே நடக்காத மாதிரி. அக்கா அன்று அதைத்தான் செய்தார். ஒரே ஒரு வரி. பிறகு என் இரண்டு வரியை மாற்றாமல் அப்படியே ஓட்டினார். ஏழு கோப்புகள் ஒதுங்கின.

3

யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்விக்குப் பைத்தானின் திரை ஒரே பதில் தருவதில்லை. குறைந்தது மூன்று தரும், மூன்றும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமில்லை.

ஒன்று, இங்கே என்ன பெயரில் இருக்கிறது என்பது. இரண்டு, தன்னைப் பற்றி அது என்ன சொல்லிக்கொள்கிறது என்பது. ஒவ்வொரு ஃபங்ஷனிலும், முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு போட்டு ‘மாட்யூல்’ என்று எழுதப்படும் ஒரு பண்பு இருக்கிறது. அதைக் கேட்டால் தன் வீட்டைச் சொல்லும். மூன்று, உண்மையிலேயே எந்தக் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்பது. இதைச் சொல்ல ‘இன்ஸ்பெக்ட்’ என்று ஒரு மாட்யூலே இருக்கிறது. 2001இல் ஃபெர்னாண்டோ பெரஸ் தொடங்கிய ஐபைத்தானில் ஒரு கேள்விக்குறி போட்டால் விளக்கம் வரும். இரண்டு போட்டால், பைத்தானில் எழுதப்பட்ட ஃபங்ஷனாக இருந்தால், மூல வரிகளே வந்துவிடும்.

இந்த மூன்று பதில்களுக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் எனக்குச் சுவாரசியம்.

கோப்புகளின் பாதைகளை ஒட்டுவதற்கு ‘ஓஎஸ் டாட் பாத்’ என்ற இடத்தில் ‘ஜாயின்’ என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. நாளைக்குப் பத்துத் தடவை எழுதுவோம். உன் வீடு எது என்று அதைக் கேட்டால், ‘ஓஎஸ்’ என்று சொல்லாது. லினக்ஸிலும் மேக்கிலும் ‘போசிக்ஸ்பாத்’ என்று சொல்லும், விண்டோஸில் ‘என்டிபாத்’ என்று சொல்லும். ‘ஓஎஸ் டாட் பாத்’ என்பது வாசலில் மாட்டிய பலகை மட்டும்தான். ஊருக்கு ஊர் உள்ளே வேறு ஆள் இருக்கிறார். இது பொய்யில்லை. எந்த ஊருக்குப் போனாலும் நீ ஒரே பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம் என்ற வசதிக்காக எழுதிய பெயர். ஆனால் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிறது. எனக்கு இது நல்ல எழுத்தாகத் தெரிகிறது.

நம்பை இதற்கு நேரெதிர். அதன் ‘சம்’, ‘ஆல்’ போன்றவை எழுதப்பட்டிருப்பது உள்ளறையில், ‘ஃப்ரம்நியூமெரிக்’ என்ற கோப்பில். ஆனால் கேட்டால் ‘நம்பை’ என்று மட்டும் சொல்லும்படி பழக்கி வைத்திருக்கிறார்கள். எந்த அறை என்று வெளியாளுக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் அறையின் கதவையே நேராகத் தட்டுவான், நாளைக்கு நாங்கள் அறையை மாற்ற முடியாது என்பது அவர்கள் நியாயம். நியாயம்தான். 2024இல் வந்த நம்பை 2.0வில் அந்த உள்ளறையின் பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு சேர்ந்தது, இது வெளியாருக்கில்லை என்று சொல்லும் அடிக்கோடு. உள்ளறை முகவரியை எழுதி வைத்திருந்தவர்களின் நிரல்கள் முனகத் தொடங்கின. ஆக, ஃபங்ஷன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது பிறப்புச் சான்றிதழ் இல்லை, கடிதம் போட வேண்டிய முகவரி.

‘ஃபங்க்டூல்ஸ்’ மாட்யூலில் இருக்கும் ‘ராப்ஸ்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு ஃபங்ஷனைச் சுற்றி இன்னொரு ஃபங்ஷனைப் போர்த்தும்போது, உள்ளே இருப்பதன் பெயர், விளக்கம், மாட்யூல் எல்லாவற்றையும் மேலே போர்த்தியதன்மேல் எழுதிவிடும். கேட்டால் போர்வை உள்ளே இருப்பவரின் பெயரைச் சொல்லும். பேய் எழுத்தாளரைத் திருப்பிப் போட்ட மாதிரி.

சிலது ஒன்றுமே சொல்லாது. ‘ராண்டம்’ மாட்யூலின் ‘ராண்டம்’ என்ற ஃபங்ஷனை வீடு கேட்டுப் பாருங்கள். ‘நன்’ என்று வரும், எதுவுமில்லை என்று. அநாதை என்று நினைத்துவிடக் கூடாது. அது தனி ஃபங்ஷனே இல்லை, மாட்யூலுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பொருளின் கை. ‘மாட்யூல்’ என்று கேட்பதற்குப் பதில் ‘செல்ஃப்’ என்று கேட்டால் அந்தப் பொருளைக் காட்டும். கேள்வி தப்பாக இருந்தால் பதில் வெறுமையாக வரும். வாசகர்களுக்கு இது புதிதில்லை.

4

சரி, யார் மேல் குற்றம்? என் மேல்தான். ஆனால் விமர்சனம் அதோடு நிற்கக் கூடாது. அந்தத் திரை ஏன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை?

மற்ற மொழிகளின் திரைகளைப் பார்த்தால் இது புரியும். புள்ளியியல்காரர்கள் பயன்படுத்தும் ‘ஆர்’ மொழியில் டிப்ளையர் என்ற பொதியை ஏற்றினால் உடனே அறிவிப்பு வரும். ‘ஸ்டாட்ஸ்’ பொதியின் ‘ஃபில்டர்’, ‘லேக்’ இரண்டும் மறைக்கப்பட்டன என்று பெயர் சொல்லிச் சொல்லும். அங்கேயும் கடைசியாக வந்தவர்தான் நாற்காலியில் உட்காருகிறார். ஆனால் வாசலிலேயே தண்டோரா போட்டுவிடுகிறார்கள். ஃபங்ஷனின் பெயரை மட்டும் தட்டினாலும், அடியில் எந்தப் பொதியின் பிள்ளை என்று ஒரு வரி வரும்.

ஹாஸ்கெலின் திரையான ஜிஹெச்சிஐ இன்னும் கறார். ஒரே பெயரில் இரண்டு பேர் முன்கூடத்தில் இருந்தால் அது யாரையும் தேர்ந்தெடுக்காது. இரண்டு பேர் இருக்கிறார்கள், இன்னார் இங்கிருந்து, இன்னார் அங்கிருந்து, யார் என்று நீயே சொல் என்று வேலையை நிறுத்திவிடும். எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சல் எனக்கு அன்று கிடைத்திருந்தால் அந்தப் பணியாளரை யாரும் கூப்பிட்டு நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

பைத்தான் மௌனமாக இருந்தது. அந்த மௌனத்துக்கு ஒரு நியாயம் உண்டு. பெயர் என்பது அங்கே ஒட்டுச்சீட்டுதான், யாரும் எதன்மேலும் ஒட்டலாம், மறுபடி ஒட்டலாம். அந்தச் சுதந்திரத்துக்காகத்தான் பலர் அந்த மொழிக்கு வந்தோம். எழுத்துமுறை பற்றிய அதன் அறிவுரை ஏடான பெப் 8, நட்சத்திர இறக்குமதியைத் தவிர்க்கச் சொல்கிறது. ஆனால் அது அறிவுரைதான், காவல் இல்லை.

நட்சத்திரப் பழக்கம் பரவியதற்கு ஒரு கதையும் இருக்கிறது. மேட்லாப் என்ற பழைய மென்பொருளில் எல்லா ஃபங்ஷன்களும் ஒரே பெரிய கூடத்தில் இருக்கும். எது எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்று கேட்க அங்கே ‘விச்’ என்றே ஒரு கட்டளை உண்டு. ஜான் ஹன்டர் வலிப்பு நோயாளிகளின் மூளை அலைகளைப் பார்க்கும் ஆராய்ச்சியில் இருந்தவர். மேட்லாப்பில் செய்துவந்ததைப் பைத்தானில் செய்யத்தான் மேட்ப்ளாட்லிப் எழுதினார். அங்கிருந்து வருகிறவர்களுக்கு வீடு மாறிய உணர்வே வரக்கூடாது என்று, ‘பைலாப்’ என்ற பெயரில் நம்பையையும் வரைபட ஃபங்ஷன்களையும் மொத்தமாக முன்கூடத்தில் கொட்டிவிடும் வசதியும் வந்தது. அதை நான் கேலி செய்ய மாட்டேன். நோயாளியின் அலைவரிசையை வரைந்து பார்க்கக் காத்திருப்பவருக்கு ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் வீட்டுப் பெயரை எழுதுவது பாரம்தான். இன்று மேட்ப்ளாட்லிப்பின் சொந்த ஆவணமே பைலாப்பைத் தவிர்க்கச் சொல்கிறது. கூடத்தை அப்படியே கொண்டுவந்தார்கள், ‘விச்’ என்று கேட்கிற பழக்கத்தைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊடாடும் திரைக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. கோப்பாக எழுதிய நிரலை மேலிருந்து கீழே படித்தால் நட்சத்திர வரி கண்ணில் படும். திரையில் அப்படியில்லை. கண்ணுக்குத் தெரிவது கடைசி முப்பது வரிகள், ஆனால் ஒவ்வொரு சொல்லின் பொருளும் காலையிலிருந்து தட்டியது அத்தனையையும் பொறுத்தது. ஐபைத்தானிலிருந்து வளர்ந்த ஜூபிடர் நோட்டில் இது இன்னும் மோசம். அங்கே ஒரு கட்டத்தை ஓட்டிவிட்டு, பிறகு அந்தக் கட்டத்தையே அழித்துவிடலாம். எழுத்து போய்விடும், விளைவு போகாது. வரியே இல்லாத இடத்திலிருந்து ஒரு பெயர் ஆட்சி செய்துகொண்டிருக்கும். இதை எப்படி வாசிப்பது? பக்கத்தைப் பார்த்து வாசிக்க முடியாது. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திக் கேட்டுத்தான் வாசிக்க வேண்டும்.

5

அக்கா கேட்ட கேள்வியின் வாசகம் எனக்குப் பல நாள் உறுத்தியது. “யாரு வீட்டுப் பிள்ளை” என்பது நம் ஊரில் வெகுளியான கேள்வி இல்லை. எந்த ஊரு, எந்தத் தெரு, அப்பா பேர் என்ன என்று கேட்டுக் கேட்டு எங்கே போய் நிற்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கத்தான் நம்மில் பலர் நகரத்துக்கு வந்தோம். பைத்தானில் எனக்குப் பிடித்ததும் அதுதான், பிறப்பைக் கேட்காத குணம். கொடுத்த வேலையைச் செய்ய முடிந்தால் போதும், நீ எந்த வகை என்று அது கேட்காது.

அப்படியானால் ஃபங்ஷனிடம் மட்டும் ஏன் வீடு கேட்க வேண்டும்?

யோசித்துப் பார்த்ததில் இரண்டும் வேறு கேள்விகள் என்று தெரிந்தது. மனிதரிடம் கேட்கும்போது, அவர் செய்வதைப் பார்க்காமலே அவரை எங்கே உட்கார வைப்பது என்று முடிவுகட்டக் கேட்கிறார்கள். ஃபங்ஷனிடம் கேட்கும்போது, நீ என்ன செய்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறாய், அந்த வாக்கு எங்கே எழுதியிருக்கிறது, தப்பினால் யாரிடம் போய் நிற்பது என்று கேட்கிறோம். நம்பையின் ‘ஆல்’ மட்டமானதில்லை. எண் அடுக்குகளைக் கொடுத்தால் லட்சக்கணக்கில் நொடியில் பார்த்துவிடும். அதன் வாக்கு வேறு, அவ்வளவுதான்.

பெயரே தெரியாமல் வாழ்கிற எழுத்தும் உண்டுதானே என்று நண்பர் ஒருவர் கேட்டார். உண்டு. குறுந்தொகையில் செம்புலப் பெயனீராரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது, பாட்டில் வரும் உவமையையே அவருக்குப் பெயராக வைத்தோம். அதனால் பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை, ஏனென்றால் பாட்டு முழுதாக நம் கையில் இருக்கிறது. ஃபங்ஷன் அப்படியில்லை. நம் கையில் இருப்பது அதன் பெயர் மட்டும்தான். பாட்டு எங்கேயோ வேறு கோப்பில் இருக்கிறது. பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நம்பிவிடுகிறவன் விசாரிக்கக் கடமைப்பட்டவன்.

அன்று சாயங்காலம் அக்கா அந்த அங்கன்வாடிப் பணியாளருக்குப் போன் போட்டார். “தப்பு எங்க பக்கம்தாங்க, திருத்தி அனுப்பறோம்” என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அக்கா இரண்டு மூன்று தடவை “ஆமாங்க, ஆமாங்க” என்று மட்டும் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

எல்லாரும் போன பிறகு அந்தச் செஷனை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். நான் அன்று தட்டியிருந்த சரிபார்ப்பு வரிகளையும் ஒரு ஃபங்ஷனாகத்தான் கட்டி வைத்திருந்தேன். உன் வீடு எது என்று அதையும் கேட்டுப் பார்த்தேன். திரையில் நேரடியாக எழுதப்படும் எல்லா ஃபங்ஷனும் சொல்வதைத்தான் அதுவும் சொன்னது: ‘மெயின்’. வெளியிலிருந்து வந்ததில்லை, எந்தப் பொதியிலிருந்தும் இறக்கியதில்லை, இங்கேயே, இந்தத் திரையில், உட்கார்ந்திருப்பவர் எழுதியது என்று அர்த்தம்.

இப்போதெல்லாம் நட்சத்திரம் போடுவதில்லை. பிறருடைய நோட்டைத் திறந்தால் முதலில் சின்னச் சின்னச் சொற்களைப் பார்த்து வைத்துக்கொள்கிறேன், சம், ஆல், எனி, ஓப்பன், ஃபில்டர். பெரிய பெயர்களை யாரும் அசட்டையாக விடுவதில்லை, நாம் தினமும் சொல்கிற சின்னச் சொற்களில்தான் ஆள்மாறாட்டம் நடக்கிறது. ஒவ்வொன்றாகத் தட்டி, ஒட்டி ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன்.